பாதி இறங்கிய பேட்டரி

— மீட்டரைத் தட்டிப் பாருங்க மச்சான். தப்பாக் காட்டுது.

— என் மீட்டர் தப்பாக் காட்டாது மாப்ள. இத்தனை வருஷமா வீட்டு வயரிங் பண்றேன், என்கிட்ட இதுவரைக்கும் பொய் சொல்லாதது இது ஒண்ணுதான். நாப்பத்திரெண்டு வோல்ட் இருக்கணும். முப்பத்தேழுதான் இருக்கு. முப்பத்திரெண்டுக்கு வந்தா மொத்தமும் காலி.

— நேத்து சாயங்காலம் முழுசா சார்ஜ் ஏத்தி, பச்சை விளக்கு எரிஞ்சப்புறம்தானே எடுத்து வச்சேன்!

— வச்ச எடத்துலயே பாதி இறங்கியிருக்கு. சும்மா கெடக்குற மோட்டார் ஸ்கேட்போர்டுல பேட்டரி ஏன் இறங்கணும்? செல் மோசம். பழசுக்குப் புது உறை மாட்டி உன் தலையில கட்டிட்டான். சிரிச்சுப் பேசுற கடைக்காரன்கிட்ட எதையும் வாங்காதேன்னு சொன்னேனா இல்லையா?

— அட விடுங்க மச்சான். ஒரு செல் மோசம்னா அந்த வரிசை மட்டும்தானே இறங்கும்? பத்து வரிசையையும் தனித்தனியாத் தொட்டுப் பாருங்க.

— பொறு... ம். பத்தும் ஒரே அளவு.

— பாத்தீங்களா! கூடப் பொறந்தது மாதிரி நிக்குது. செல்லுல குத்தமே இல்ல. வயர்லதான் எங்கயோ கசியுது.

— வயரிங் பண்ணினது யாரு?

— நீங்கதான்.

— அப்பக் கசியாது.

— அட, கோவிச்சுக்காதீங்க...

— கோவம் இல்ல, உள்ளதைச் சொல்றேன். நான் வீட்டுக்குப் போடுற கெட்டிக் கம்பியைத்தான் போட்டேன். நூல் நூலா, மெத்துன்னு ஒரு வயரை வாங்கிட்டு வந்தது நீ.

— நான் ஏறினா பலகை வளையுதில்ல? உங்க கம்பி ரெண்டே நாள்ல முறிஞ்சுது.

— முறிஞ்சுது. அதனாலதான் உன் வயருக்கு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டு, ஒவ்வொரு ஜாயிண்டையும் ஈயம் வச்சு, சூடு காட்டி உறையை இறுக்கி, பல்லைக் கடிச்சு இழுத்துப் பாத்தேன். ஃபியூஸும் நல்லாத்தான் இருக்கு. பேசாம அந்தச் செல்லைக் கழட்டு. ஆசிட் பேட்டரி மூணு கொண்டாந்திருக்கேன், மாட்டிடலாம்.

— அதைத் தூக்கவே தனியா ஒரு ஆள் வேணும். குடோன்ல சரக்கு ஏத்துற மேடு இருக்கு மச்சான். பாதி மேட்டுல நின்னுடும்.

— நின்னா இறங்கித் தள்ளு.

— இறங்கித் தள்ள முடிஞ்சா எனக்கு எதுக்குப் பலகை? நிக்க முடியுது, நடக்கத்தான் முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. திங்கக்கிழமையிலேர்ந்து மணிக்கு ஒரு ரவுண்டு. முடிக்கலேன்னா வேற வாட்ச்மேன் பாத்துக்கறேன்னு சூப்பர்வைசர் முகத்துக்கு நேரா சொல்லிட்டான். பலகையில வரலாமான்னு கேட்டேன். ரவுண்டு முடிஞ்சாச் சரி, பறந்து வந்தாலும் சரின்னான்.

— அவன் பேச்சை நம்புறியா?

— அவனை எவன் நம்பினான்? இந்தச் செல்லை நம்புறேன். ரெண்டு வாரமா இந்த ஷெட்டுக்குள்ளயே ஓட்டிப் பழகியிருக்கேன். ஒரு நாளும் கால வாரல.

— இன்னிக்கு வாரிருச்சே. குடோன் நடுவுல படுத்துக்கிச்சுன்னா? நீ விழுந்தா என் தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும். போன வருஷம் சைக்கிள்ல விழுந்தே, சைக்கிளையே பழைய சாமான்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டா. இது தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் குடுத்துடுவா.

— அவளுக்குத் தெரியாது. தார்ப்பாய்க்கு அடியிலதானே வைக்கிறேன்.

— சரி, முடிவாச் சொல்லு. செல்லா, ஆசிட்டா?

— செல்லுதான் மச்சான். அதுல மாத்தமே இல்ல.

— அப்ப அந்த அஞ்சு வோல்ட் எங்க போச்சு? அதுக்குப் பதில் சொல்லு, என் கையாலயே மூடித் தர்றேன். சொல்லலேன்னா உன்னை இதுல ஏத்த மாட்டேன்.

— அண்ணே, அந்தக் கனத்தை அதுல மாட்டாதே.

— நீ எப்பம்மா வந்தே?

— ஏய்... இது வந்து... பக்கத்து வீட்டுக்காரரு ரிப்பேருக்குக் குடுத்தாருன்னு...

— போதுங்க, உங்க முழியே சொல்லுது. இந்த ஷெட்டைக் கூட்டுறது யாரு? நானா, பக்கத்து வீட்டுக்காரரா?

— தூக்கிப் போடப் போறியா?

— போடத்தான் போன வாரம் எடுத்தேன். எடுத்தப்புறம், நீங்க ஏறப்போற சாமான் உங்களைத் தள்ளி விடுமா விடாதான்னு நான் பாக்க வேணாமான்னு தோணிச்சு.

— பாக்கறதுன்னா? என்னம்மா சொல்றே?

— ஒரு வாரமா இவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பால் வாங்க அதுலதான் போயிட்டு வர்றேன் அண்ணே. வந்ததும் சார்ஜ் போட்டு வச்சிடுவேன், இன்னிக்கு நீ வாசல்ல வந்து நின்ன அவசரத்துல மறந்துட்டேன்.