நடுவர் பட்டியல் வெளியான நாள்

– தாழ்ப்பாள் மட்டும் போதாது அக்கா. அந்த பீரோவை இழுத்து முட்டுக் கொடு.

– முதல்ல கையில இருக்கிறதைக் கீழ வை.

– வைக்க மாட்டேன்.

– டேய், சுத்தியல்ல இருந்து ரத்தம் சொட்டுதுடா. என் மேசை மேல இருக்கிற ஃபைல் பூரா ஆகுது. யாரு ரத்தம் இது? உன்னுதா?

– என்னுது இல்ல.

– அப்ப யாருது? வாசல்ல இருபது பேரு கத்துறாங்க, நீ தலைதெறிக்க ஓடி வந்து என் ஆபீஸ் ரூமுக்குள்ள பூந்துக்கிட்ட. கூடப் பொறந்த பாவத்துக்குக் கதவைத் திறந்தேன். வாயைத் திறந்து சொல்லு. யாரை அடிச்ச?

– மெழுகை.

– யாரை?

– ஊருக்கு ஒரே மெழுகுதானே அக்கா! வார்ப்புக்கு மெழுகுல உருவம் பிடிக்கிற அந்த மகான். அவன் பட்டறைக்கே போனேன். மேசையில ஒரு முகத்தை வச்சு மூக்கைச் சரி பண்ணிட்டிருந்தான். நிமிர்ந்து பாத்தான். "வாடா, ஒன்பது வருஷம் ஆச்சு உனக்கு இந்தப் படியேற"ன்னான். சிரிச்சான். அவன் சிரிச்சு முடிக்கல, வலது கை மேல ஒரே போடு.

– ஐயோ.

– கையை எடுக்கிறதுக்குள்ள இன்னொண்ணு. மூணாவது... மூணாவது அடிக்கு அவசியமே இல்ல. இருந்தும் அடிச்சேன்.

– விரல் எப்படிடா இருந்துச்சு?

– விரல் மாதிரி இல்ல.

– அடப்பாவி. அடப்பாவி! அந்தக் கையை நம்பித்தானேடா அந்த மனுஷன் பொழைக்கிறாரு. பட்டறையில பன்னெண்டு பேரு அந்தக் கையை நம்பி இருக்காங்களே. அவங்கதான் துரத்திட்டு வர்றாங்களா?

– வரட்டும். வந்தா இன்னும் ரெண்டு மண்டை உடையும், அவ்வளவுதான்.

– ஒன்பது வருஷம் மூஞ்சியைப் பாக்காதவனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?

– பட்டியல் வந்துச்சு. காலையில அனுப்பினீங்களே, உங்க கலை மன்றத்துல இருந்து.

– எங்க மன்றம் எங்கடா இருக்கு? உள்ள வரும்போது வாசலைப் பாத்தியா? போர்டைக் கழட்டி நாலு ஆணியை மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க. இன்னையில இருந்து நாங்க பொருளாதார வளர்ச்சி முகமையில ஒரு பிரிவு. தொழிற்பேட்டை, ஏற்றுமதி, கோழிப்பண்ணை, அப்புறம் கலை. எனக்கு மூணாவது மாடியில கோழிப்பண்ணை அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலி. நேத்து வந்த ஆளுங்க கூடத்துல நிக்கிற சிலைக்கெல்லாம் "தளவாடம்"னு சீட்டு ஒட்டிட்டுப் போனாங்க. ஒரு சிலைக்கு நெத்தியிலேயே ஒட்டிட்டாங்க.

– எவன் அனுப்பினா எனக்கென்ன. இருபத்திரண்டு வருஷம் நீ இதே நாற்காலியில உக்காந்து, நடுவர் யாருன்னு என்கிட்டகூட மூச்சு விட்டதில்ல.

– விடக்கூடாதுடா. அஞ்சு பேரு யாருன்னு தலைவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது காதுக்குப் போனதில்ல. அதனாலதான் அவங்க தாட்சண்யம் பாக்காம மனசுல பட்டதை எழுதினாங்க.

– ரொம்ப நல்லா எழுதியிருக்கான். இந்தா, போனைப் பாரு. இது என் பேரு. அஞ்சு வருஷமா உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டேனே, அஞ்சு வருஷமும் இருக்கு. மத்த நாலு நடுவரும் பத்துக்கு ஆறு போட்டிருக்கான், ஏழு போட்டிருக்கான், ஒரு புண்ணியவான் எட்டு போட்டிருக்கான். மெழுகு என்ன போட்டிருக்கான் பாரு. ஒண்ணு. அடுத்த வருஷம் ஒண்ணு. அதுக்கடுத்த வருஷம் ஒண்ணு. அஞ்சு வருஷமும் ஒண்ணு! இவன் ஒருத்தன் இழுத்த இழுப்புல நான் கீழ போனேன். என் பொண்டாட்டி "சிலை செஞ்சது போதும், நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்"னு குழந்தையைத் தூக்கிட்டுப் போனாளே, அதுவும் இவனாலதான்.

– இது உன் கைக்கு எப்படி வந்துச்சு? நீதான் கடுதாசியே பிரிக்க மாட்டியே. வருஷா வருஷம் முடிவைச் சொல்லி மன்றத்துல இருந்து நான் அனுப்பின அஞ்சு கடுதாசியும் உன் பட்டறையில வெல்டிங் மேசைக்கு அடியில பிரிக்காம கிடந்துச்சே.

– கடுதாசியில வரல. நம்ம ஆளுங்க குரூப்புல எவனோ போட்டான். "உன் பழைய நண்பன் உன்னை எவ்வளவு மதிக்கிறான் பாரு"ன்னு கீழ ஒரு சிரிப்பு பொம்மை வேற.

– குரூப்புலயா...

– ஏன் அக்கா உனக்கு இப்படி வேர்க்குது?

– பேசாம இரு. பின்பக்கம் யாரோ ஜன்னலைத் தட்டுறாங்க.

– தள்ளு, நான் பாக்கறேன். எவனா இருந்தாலும் தலையை உள்ள விட்டான்னா...

– நான்தான்மா! மாப்ள, அடிச்சுத் தொலைச்சிடாத, நான்தான். கையைக் கொடு, ஏறணும்.

– என்னங்க இது, நெத்தியெல்லாம் ரத்தம்!

– ஒண்ணுமில்லம்மா, கல்லு. கதவுல முகமைன்னு எழுதின கார்ல வந்தேன், சும்மா விடுவாங்களா. கண்ணாடி நாலும் போச்சு. டிரைவர் எந்தப் பக்கம் ஓடினாருன்னே தெரியல. உனக்கு ஒண்ணும் ஆகலையே? போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன்.

– எனக்கு ஒண்ணும் ஆகல. உக்காருங்க. இந்தத் துணியை வச்சு அழுத்திப் பிடிங்க.

– ஒரு வாரம் கழிச்சு என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருக்க. அதுக்கு மண்டை உடைய வேண்டியிருக்கு.

– இப்ப அதுவா முக்கியம்? வெளிய நிலவரம் என்ன?

– எங்க ஆபீஸ்ல கீழ்த்தளத்துல ஒரு கண்ணாடி மிச்சமில்ல. ஒரு நாடகக்காரர் தன்னோட பழைய நடுவரை வீடு தேடிப் போய் முன்பல்லு ரெண்டையும் எடுத்துட்டாரு. வயலின் வாசிக்கிற அம்மா ஒருத்தங்க, இன்னொரு வயலின் அம்மாவை முடியைப் பிடிச்சு மாடிப்படியில இழுத்துட்டு வந்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிப்பாங்களாமே?

– தினமும் குடிப்பாங்க. எங்க கேன்டீன்லதான்.

– மாமா, இதெல்லாம் உங்க ஆபீஸ் பண்ண வேலைதானே?

– மாப்ள, முறைப்படி பாத்தா, முகமையில எந்த மதிப்பீடு நடந்தாலும் யாரு என்ன மார்க்குப் போட்டாங்கன்னு வெளியிடணும். டெண்டருக்கு அப்படித்தான். ஒளிவுமறைவு இருக்கக்கூடாதுங்கிறதுதான் நோக்கம்...

– அவரு பேசுற நியாயத்தைப் பாரு. கலை என்ன சிமெண்ட் டெண்டரா, மார்க்குப் போட்டுச் சுவத்துல ஒட்டுறதுக்கு? நான் ஒரு மாசமா வீட்டுல தலையால தண்ணி குடிச்சேன்டா. நடுவர் பேரை மட்டும் வெளிய விடாதீங்கன்னு. "முறைப்படி"ங்கிற ஒத்தை வார்த்தையை வச்சு என் வாயை அடைச்சாரு.

– தப்புதாம்மா. ஒத்துக்கறேன். மாப்ள, நான் வரும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டுத்தான் வந்தேன். அவருக்கு ரெண்டு விரலை எடுத்தாகணுமாம். மத்ததை நாளைக்குத்தான் சொல்ல முடியுமாம்.

– எடுக்கட்டும்.

– டேய்!

– எடுக்கட்டும் அக்கா. அந்த விரலாலதானே வருஷா வருஷம் எனக்கு ஒண்ணு போட்டான்.

– போதும் நிறுத்து! ஒண்ணுன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?

– பத்துக்கு ஒண்ணு. இதுக்குமேல என்ன தெரியணும்?

– எங்க மன்றத்துல மார்க்கே கிடையாதுடா. இருபத்திரண்டு வருஷமா கிடையாது. கடைசிச் சுற்றுக்கு வந்த பத்து விண்ணப்பத்தையும் பேரை மறைச்சு இதோ இந்த மேசையில பரப்பி வைப்பேன். நடுவருங்க சுத்திச் சுத்தி வந்து பாப்பாங்க. எது முதல்ல, எது ரெண்டாவது, எது கடைசின்னு பென்சிலால வரிசை எண் போடுவாங்க. கூட்டிப் பாத்தா யாருக்குக் கம்மியோ அவங்களுக்குத்தான் உதவித்தொகை. ஒண்ணுன்னா முதலிடம்.

– என்ன சொல்ற நீ?

– உன்னை ஆறாவது, ஏழாவது, எட்டாவதுன்னு தள்ளினது மத்த நாலு பேரு. அஞ்சு வருஷமும் உன்னை முதல்ல வச்சது மெழுகு ஒருத்தருதான்.

– பொய்.

– நான் எதுக்குடா பொய் சொல்லணும்? பேரை மறைச்சாலும் உன் இரும்பு மறையுமா? போட்டோவைப் பாத்ததுமே அவருக்கு உன் கைன்னு தெரிஞ்சிருக்கும். போன வருஷம் மத்த நாலு பேரோடயும் சண்டைக்கே போயிட்டாரு. "இது பக்கத்துல வச்சா மத்ததெல்லாம் அலமாரி பொம்மைய்யா"ன்னு மேசையைத் தட்டினாரு. தட்டின வேகத்துல டம்ளர் விழுந்து உடைஞ்சு, நான்தான் பொறுக்கினேன். அன்னைக்கு சாயங்காலம் உன் பட்டறைக்கு வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேனே, நினைவிருக்கா? சொல்லிடலாம்னுதான் வந்தேன். சொல்லக் கூடாதுன்னு எழுந்து போயிட்டேன்.

– இல்ல அக்கா. அவன்தான் பத்து பேரு முன்னாடி "உன் இரும்பு இன்னும் சிலையாகலடா"ன்னு சொன்னான். அதனாலதானே நான் அவன் பட்டறையை விட்டே வந்தேன்.

– அது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. அப்ப ஆகல. இப்ப ஆயிடுச்சுன்னுதான் எழுதினாரு.

– அவன் சிரிச்சான் அக்கா.

– சரி, உக்காரு. தண்ணி குடி.

– இல்ல, நீ கேளு. அவனுக்கும் காலையில பட்டியல் வந்திருக்கும்ல? தான் போட்டது வெளிய தெரிஞ்சிருச்சுன்னு அவனுக்குத் தெரியும்ல? அதான் என்னைப் பாத்ததும் சிரிச்சிருக்கான். நான் நன்றி சொல்ல வந்திருக்கேன்னு நினைச்சிருக்கான்.

– மாப்ள... சுவத்துல முட்டாத. நிறுத்து. ஏம்மா, அவனைப் பிடி!

– டேய், தம்பி, முட்டாதடா! ஐயோ, மண்டை பொளந்துடும்டா!

– விடு என்னை. மாமா, ஒரே ஒரு கேள்வி. வரிசையை மார்க்குன்னு மாத்தினது யாரு?

– மாத்தினதுன்னு சொல்ல முடியாது. எங்க முகமைப் படிவத்துல "மதிப்பெண், பத்துக்கு"ன்னு ஒரு கட்டம் இருக்கும். மன்றத்து அட்டையில இருந்த எண்ணை எங்க பசங்க அப்படியே அதுல ஏத்திட்டாங்க. அவங்களுக்கு வேற முறை இருக்கும்னே தோணல.

– யாரும் பாக்கலையா? இத்தனை பேரு வயித்தெரிச்சலை, பாக்காமலே ஊருக்கே அனுப்பிட்டீங்களா?

– பாத்தோம். முறைப்படி சரிபார்க்க ஆள் இருந்துச்சு.

– யாரு?

– என்னங்க...

– நீ சும்மா இரும்மா. நான்தான் மாப்ள. நான்தான் சரிபார்த்தேன். அவசரத்துல கவனிக்கல. கையெழுத்து என்னோடது.

– உங்களோடதா? தினமும் என் அக்காகூட உக்காந்து சாப்பிடறீங்களே, "உங்க மன்றத்துல எப்படி எண் போடுவீங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்க முடியலையா? ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தைக்கு மெழுகோட கைய்யா அது!

– மாப்ள, சட்டையை விடு. மாப்ள, கழுத்து...

– டேய், கையை எடு! அவரு உனக்கு மாமாடா!

– தள்ளிப் போ அக்கா. ஒரு கையை உடைச்சுட்டேன். அதுக்குப் பதில் ஒண்ணு வேணும். இந்தக் கையைத் தூக்கி மேசை மேல வைக்கச் சொல்லு. கையெழுத்துப் போட்ட கையை.

– வைக்கறேன் மாப்ள. அடிச்சிக்க. உன் ஆத்திரம் இதோட அடங்குதுன்னா அடிச்சிக்க. வெளிய மட்டும் போயிடாத, அவங்க உன்னைக் கொன்னுடுவாங்க.

– என்னங்க பேசறீங்க! கையை எடுங்க மேசையில இருந்து! டேய், ஓங்காதடா, அது அவரு கையெழுத்து இல்ல!

– அவரே சொல்றாரு, உனக்கென்ன?

– அவரு என்னைக் காப்பாத்தறாருடா! நேத்து மத்தியானம் சரிபார்க்கச் சொல்லி மன்றத்துக்குத்தான் அனுப்பினாங்க. பாத்தது நான். கையெழுத்து என்னோடது.

– அவளைத் திட்டாத மாப்ள. நேத்து ஆளுங்க சிலைக்கெல்லாம் சீட்டு ஒட்டிட்டிருந்தாங்க, அவ அழுதுட்டிருந்தா. அந்த நிலைமையில யாருக்குக் கண்ணு தெரியும்? கவனிக்காம போட்டுட்டா.

– கவனிச்சேங்க. முதல் பக்கத்துலயே கவனிச்சேன். நூத்தி நாப்பது பக்கமும் உக்காந்து பாத்தேன். நடுவர் பேரோட இது வெளிய போனா ஆளாளுக்கு வெறி பிடிச்சு உங்க ஆபீஸை அடிச்சு நொறுக்குவாங்க, மறுநாளே எங்க போர்டைக் கொண்டு வந்து திரும்ப மாட்டுவீங்கன்னு நினைச்சுத்தான், "அனைத்தும் சரி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.