இரண்டு கை கேட்கும் கேமரா

"கயிறு அறுந்துபோச்சுன்னு சொன்னானே அக்கா, அறுந்த கயிறுன்னா நுனி பிஞ்சிருக்கணும்ல? இது முழுசா இருக்கே!"

"கத்தாத குந்தர், சாவு வீடு. பக்கத்து ரூம்ல எமில் அழுதுட்டிருக்கார்."

"அவன் எதுக்கு அழணும்? புருஷன் போனது உனக்கு."

எமில் நான்தான். நான் அழவில்லை. இறந்துபோன என் நண்பன் லோதரின் இருட்டறையில் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தேன். மருந்து நெடிக்கு மூக்கை உறிஞ்சியது அவன் மனைவி எல்ஃபிரீடவுக்கு அழுகையாகக் கேட்டிருக்கிறது.

டிரெஸ்டன் நகரப் புகைப்படச் சங்கத்தில் எனக்கு 'மூடுபனி' என்று பட்டப்பெயர். நான் எடுத்தால் தேவாலயமும் மூடுபனி, மாமியாரும் மூடுபனி. குறை என் பழைய பெட்டிக் கேமராவில்தான் என்று நம்பி, கோட்டுப் பைக்குள் அடங்குகிற புது ஃபிலிம் கேமராவை முதல் ஆளாக வாங்கினேன். லோதர் ஒருவன்தான் என்னைப் பார்த்துச் சிரிக்காதவன்.

"ஞாயித்துக்கிழமை பாறை ஏறப் போறேன், கூட வாடா. நல்ல படம் கிடைக்கும்" என்றான்.

எல்பே ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறை. நான் பின்பக்கப் படி வழியாக உச்சிக்குப் போய், அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலிருந்து பிடித்துக்கொண்டேன். பாதியில் அவனுக்குக் கால் வழுக்கியது. அந்தரத்தில் தொங்கினான். கீழே ஆறு, முகத்தில் வெயில். அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"இழுடா எமில்! எங்கடா பராக்கு பாக்குற?"

அந்தக் கேமரா ஒரு கைக்குள் அடங்கும். ஆனால் படம் எடுக்க இரண்டு கை வேண்டும். பக்கத்தில் ஒரு பைன் மரம் இருந்தது, கயிற்றை அதில் கட்டியிருக்கலாம். கட்டி முடிப்பதற்குள் வெயில் போய்விடும். யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லை. கயிறு அறுந்துபோகவில்லை, நழுவவும் இல்லை. நான்தான் விட்டேன்.

இந்தக் கேமராவில் லென்ஸ் உள்ளே அமுங்கிக் கிடக்கும். அதை வெளியே இழுத்துத் திருகிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் மறப்பார்கள். நானும் மறந்தேன்.

எல்ஃபிரீட கதவைத் தட்டினாள். "காபி ஆறுது, வாங்க. நீங்க உடம்பைக் கெடுத்துக்காதீங்க."

படத்தில் இருப்பது லோதரா பாறையா என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் நண்பனின் கடைசிப் படம், வீணாக்க மனமில்லை. சங்கத்துப் போட்டியில் இதை இயற்கைக் காட்சிப் பிரிவில் ஏற்றுக்கொள்வார்களா? விதி தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.