நாலு புள்ளடி

செல்லாதாம் தம்பி. எங்கட தெருவின்ர வோட்டு அவ்வளவும் செல்லாதாம். பஸ் வர நேரமிருக்கு, நில்லுங்கோ... நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த ஸ்ரீனிவாஸ்தானே? இந்த அநியாயத்தைக் கேட்டிட்டுப் போங்கோ.

போன வியாழக்கிழமை ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு வோட்டுப் போட்டதெல்லோ. இந்த நாடு ஐரோப்பாவை விட்டு வெளிக்கிடுறன் வெளிக்கிடுறன் எண்டு செருப்பையும் கொழுவிக்கொண்டு, பந்தியில இன்னொரு இலை போடச் சொன்ன மாதிரி ஒரு தேர்தல். சரி, அனுப்புறதெண்டா எங்கட ஆளை அனுப்புவம் எண்டு, என்ர சிநேகிதன் கிருஷ்ணராசான்ர மகள் அனோஜினி சுயேச்சையா நிண்டவள். எங்கட நோர்பரியில அந்தப் பிள்ளை தட்டாத கதவில்லை. வெல்லமாட்டாள் எண்டு அவளுக்கும் தெரியும். எங்கட சனமாவது எனக்குப் போடும் எண்டு தகப்பனுக்குச் சொல்லி வைச்சிருந்தவள்.

எனக்குத் தேர்தல் புதுசில்லைக் கண்டியளோ. ஊரில ஒருக்கா ஒரே நாளில ஏழு பேரா வோட்டுப் போட்டனான். ஏழாவது தரம் மாமியின்ர சேலையோட போனன். அதிகாரி என்ர மீசையைப் பார்த்திட்டு, "வெயிலுக்க நிக்காதேங்கோ அம்மா, முன்னுக்கு வாங்கோ" எண்டவர். சிரிக்காதேங்கோ, உண்மை.

ஊரில கட்சிக்கு ஒரு புள்ளடி, அதுதான் பெருக்கல் குறி, பிறகு ஆக்களுக்கு விருப்பு வாக்கு மூண்டு. நாலு போட்டாத்தான் எங்கட சனத்துக்கு வோட்டுப் போட்ட மாதிரி. இங்க என்னடாவெண்டா ஒண்டுதானாம். சீட்டோ, விரிச்சா சால்வை நீளம். அவ்வளவு இடத்தையும் வெறுமையா விடுறதோ? அனோஜினிக்கு ஒண்டு, மிச்ச மூண்டையும் பேர் நல்லா இருக்கிற மூண்டு கட்சிக்குக் குடுங்கோ எண்டு... ஓம், நான்தான் சொன்னனான். வீட்டுக்குக் கூப்பிட்டு, வடையும் தேத்தண்ணியும் குடுத்து வகுப்பெடுத்தனான். றோஸ்மலர் அக்கா மட்டும், ஒண்டுதான் போடச் சொல்லிச் சீட்டில கிடக்குமாமே எண்டு இழுத்தவ. அது இங்கிலிசுக்காரருக்கு அக்கா எண்டு அடக்கிப்போட்டன்.

எண்ணுற இடத்தில செல்லாத சீட்டுகளைப் பிள்ளைக்குக் காட்டினவையாம். அவளின்ர பேரில ஒரு புள்ளடி, அங்கங்க இன்னும் மூண்டு. இப்பிடியே கட்டுக் கட்டா. பிள்ளை அழேல்லையாம், சிரிச்சவளாம். அதுதான் தகப்பனுக்குத் தாங்கேலாமப் போச்சு. நேற்றுப் போய்த் தட்டுறன், யன்னல் திரை ஆடுது, கதவு திறக்கேல்லை. எத்தினை வருசமா என்ர காலமைத் தேத்தண்ணி அந்த வீட்டில. இண்டைக்கு நானே போட்டுக் குடிச்சனான். வாயில வைக்கேலாது.

என்ர வோட்டோ? அது செல்லும். அண்டைக்குக் கண்ணாடியை மறந்துபோய் விட்டிட்டுப் போயிட்டன். பிள்ளையின்ர பேரைத் தேடிப் பிடிக்கவே சீவன் போச்சு, மற்ற மூண்டுக்கும் எங்க போறது?

தம்பி, ஒரு உதவி. வாங்கோ, நீங்கள் கதவைத் தட்டுங்கோ, புதுமுகம் எண்டா அவன் திறப்பான். நான் பின்னால நிக்கிறன். உங்கட மகளுக்கு இந்தத் தெருவில செல்லுபடியா விழுந்த ஒரே வோட்டு இவற்ற எண்டு சொல்லுங்கோ. கண்ணாடிக் கதை வேண்டாம்...

எங்க ஓடுறியள்? தம்பி, அது உங்கட பஸ் இல்லை. அது கராஜுக்குப் போறது.