வலது பக்கத்து ஆள்

கித்தார் சத்தமே எனக்குப் பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் தம்பி. அது பொய். மாப்பிள்ளை அமலன் மாதா பாட்டுக் கேசட் போட வேண்டும் என்று கேட்டபோது, பூட்டுச் சரக்கு அடுக்கும் பின்னறையை ஒழித்துக் கொடுத்ததே நான்தான்.

சன்னலைப் பஞ்சு மெத்தையால் அடைத்தார். சுவரெல்லாம் சாக்குப்படுதா. கதவிடுக்கில் ரப்பர். வெளியே நாய் குரைத்தால்கூட டேப்பில் விழக் கூடாதாம். மேலே தகரக் கூரை. இந்தச் சித்திரை வெயிலில் உள்ளே எப்படி உட்கார்ந்தாரோ. உழைப்பாளி.

பதிந்ததைக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் போட்டுக் காட்டினார். இடது ஸ்பீக்கரில் ஒரு கித்தார். வலதில் இன்னொன்று.

"கூட வாசிக்கிறது யாரு மாப்ள?" என்றேன்.

"ரெண்டும் நான்தான் மாமா. மொதல்ல ஒருக்கா வாசிச்சுப் பதிஞ்சுக்குவேன். அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அதே பாட்ட மறுக்கா வாசிப்பேன். ரெண்டுக்கும் இம்புட்டூண்டு வித்தியாசம் விழும்ல? அதான் ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி நெறஞ்சு கேக்குது."

பொறுமையாகக் கேட்டேன். இடது பக்கத்தவர் ஒழுங்கானவர். வலது பக்கத்து ஆள் ஒவ்வொரு முறையும் சற்றுப் பிந்தி வருகிறான். நகம் கம்பியில் உரசுகிறது. வளர்ப்பு சரியில்லை. என் மாப்பிள்ளை பூசைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை.

அதோடு விட்டிருப்பேன். என் மகள் பாத்திமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே, "எனக்கு வலது பக்கம்தாம்ப்பா புடிச்சிருக்கு" என்றாள்.

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, ஊரறிய நான் அவளுக்குக் கட்டி வைத்தது ஒருவரைத்தான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உள்ள ஒத்த ஆளுதான். வேணும்னா போயி எண்ணிப் பாருங்க" என்று சிரித்தாள். மாப்பிள்ளை இருக்கும் அறைக்குள் மாமனார் போய் ஆள் எண்ணுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவள் ஆத்தூருக்கு ஒரு ஞானஸ்நானத்துக்குப் போன அன்று, உள்ளே வாசிப்பு தொடங்கியதும் வெளியே பூட்டைப் போட்டேன். எங்கள் பட்டறைப் பூட்டு; அதைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

உச்சி வெயிலில் கதவு தட்டும் சத்தம். ரப்பரைப் பிய்த்த இடுக்கு வழியே குரல் வந்தது.

"மாமா, நான் அமலன். கதவு மாட்டிக்கிருச்சு. தொறங்க."

"கூட இருக்கிறவன் பேரையும் எந்த வீட்டுப் பிள்ளைங்கிறதையும் சொல்லு. தொறக்கிறேன்."

"இங்க யாருமே இல்ல மாமா. வெளையாடாதீங்க, மூச்சு முட்டுது. செத்த தண்ணியாச்சும் குடுங்க."

என் மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டார். ஆகவே பேசியது அவரில்லை என்று தெளிந்தது. பதிலும் சற்றுப் பிந்தித்தான் வந்தது. பெயர் சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் குடித்ததில்லை. சாயங்காலத்துக்குள் தட்டுவது நின்றது. நான் குளித்து, செபமாலை சொல்லிப் படுத்தேன்.

மறுநாள் பாத்திமா வந்து கேட்டதும் சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?

உள்ளே ஓர் உடல்தான் கிடந்தது என்கிறீர்கள். அது அமலன்தான் என்று அவள் கதறுகிறாள். சாயல் எத்தனையோ பேருக்கு ஒத்துப்போகும். வலது பக்கத்து ஆளைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாப்பிள்ளை எப்படியோ வெளியேறி, அவமானத்தில் எரியோடு ஊரில் அவர் அண்ணன் வீட்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைக் கூட்டி வந்துவிடுங்கள். பூசையில் என் மகள் தனியாக நின்றால் ஊர் என்ன நினைக்கும்?