பகீத்தின் பாட்டுக்கு ஒரு முடிவு

வயிறு காலியாக இருக்கும்போது பாட்டு எழுத உட்காராதே. என்னிடம் வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான், பாஷா. பசியோடு எழுதினால் சோற்றைப் பற்றித்தான் வரும்.

இம்பாபாவில் கோழிக் கடைக்கு மேலே என் ஒலிப்பதிவு அறை. அங்கே நான் கொடுத்தது பெரும்பாலும் யோசனைதான். எவனாவது திருடிவிடுவான் என்று பாட்டைப் பொத்தி வைக்காதே. டுக்டுக் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு பென் டிரைவில் போட்டுச் சும்மா கொடு. வானொலி தொடாத பாட்டை அவர்கள் கெய்ரோ முழுக்கச் சுமந்துகொண்டு போவார்கள்.

பகீத், துணி தேய்க்கும் கடையில் வேலை பார்த்தவன். அவன் கொண்டுவந்த பாட்டைப்போல் இன்னொன்றை நான் கேட்டதில்லை. முடிவுதான் அமையவில்லை. எழுதுவான், பாடுவான், அழிப்பான். போதும், வெளியே விடு என்றேன்.

"வாலில்லாத கழுதையச் சந்தைக்கு ஓட்டச் சொல்றீங்களா உஸ்தா?"

"கழுதை செத்தப்புறம் வால் முளைச்சு என்னடா பண்ண?"

சிரித்தான். நல்ல பையன்.

பிறகு ஒரு நாள் சிரிக்காமல் வந்தான். எங்கள் தெரு சப்ரி வீட்டுக் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பாடப் போவதாகச் சொன்னான். "அதோட எல்லாத்தையும் அழிச்சிடறேன் உஸ்தா. குவைத்துல டிரைவர் வேலை கெடச்சிருக்கு. பாட்டா எங்கம்மாவுக்குச் சோறு போடும்?"

நான் வாதாடவில்லை. சில சமயம் படைப்பை, படைத்தவனிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இதைப் பையன்களிடம் நான் சொல்வதில்லை.

எங்கள் தெருக் கல்யாணம் உங்களுக்குத் தெரியும். பாடகன் நடுவில் நிறுத்தி, இன்னார் குடும்பத்துக்கு சலாம் என்பான். அந்த வீட்டார் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். சப்ரி குடும்பத்தின் பெயர் வந்ததும் ஐந்தாறு கைகள் உயர்ந்தன. எல்லாம் ஒரே ரக நாட்டுத் துப்பாக்கி. மேடையோரம் பதிவுக் கருவியோடு நின்ற என் கையும் அதே ரகத்தோடு உயர்ந்தது. வானம் வரை போகவில்லை.

மைக் திறந்தே இருந்தது. தாளம், வெடிச் சத்தம், அப்புறம் அவனுடைய மூச்சு கொஞ்ச நேரம். அவன் தேடிக்கொண்டிருந்த முடிவு அதுதான். நான் எதையும் வெட்டவில்லை.

பாட்டு நகரம் முழுக்கப் போனது. அந்த இடம் வரும்போது டுக்டுக்காரர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். பகீத்தின் அம்மா படியேறி வந்தாள். "அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடு தம்பி. டுக்டுக் போறப்பல்லாம் எம்புள்ள வாசல்ல வந்து சாவுறான்."

அதை எடுத்தால் பாட்டு ஊனமாகிவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். டீ கொடுத்து அனுப்பினேன்.

கை தவறிச் சுட்டதாகச் சப்ரியை இந்த ஸ்டேஷனில் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவருக்காக மனசாட்சி உறுத்தி நான் வந்திருப்பதாக நினைக்கிறீர்கள். அப்படி இல்லை, பாஷா. இப்போது டுக்டுக்குகளில் வேறு பாட்டு ஓடுகிறது. தவறிப் பட்ட குண்டில் கதை கிடையாது, ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். தவறவில்லை என்று தெரிந்தால் மறுபடியும் போட்டுக் கேட்பார்கள்.

வாசலில் பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்களா? என் பெயர் விட்டுப்போனால்கூடப் பரவாயில்லை, அவன் பெயரைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். இந்த யோசனையை முன்னாலேயே அவனிடம் சொல்லியிருந்தால், அவனும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.