வெட்டி ஒட்டின வண்டி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று எந்த மடையன் உங்களுக்குச் சொன்னான்? நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் ரெண்டு மணி. மூடிக் கிடக்கும் கல்குவாரிக்குப் போகிற ரோடு. ஈ, காக்கை கிடையாது. வெயில் மட்டும் தார் மேல் தகதகவென்று... அந்த ரோட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டி தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் என் கூட்டாளியின் அக்கா புருஷன். வெல்டர். பிரேக்கை அடி வரைக்கும் மிதித்துவிட்டார். வண்டி நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

சிரிக்காதே. முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் எவனாவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவேன், ஆமாம்.

வெல்டருக்கு ஒரே ஆசை. எத்தனை நாள்தான் அடுத்தவன் பட்டறையில் திட்டு வாங்கிக்கொண்டு கிடப்பது? சொந்தமாக ஒரு வண்டி. அதில் வெல்டிங் மெஷினை ஏற்றிக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை. ஆனால் முழு வண்டி வாங்க வக்கில்லை. அதனால் பாதி பாதியாக வாங்கினார். வேடிக்கை இல்லை, நிஜம். காயலான் கடையில் ஒரே மாடலில் ரெண்டு வண்டி கிடந்தன. ஒன்றுக்குப் பின்பக்கம் தகர டப்பா மாதிரி நசுங்கியிருந்தது, முன்பக்கம் சுத்தம். இன்னொன்றுக்கு மூஞ்சியே இல்லை, பின்பக்கம் கல்லு மாதிரி இருந்தது. இதன் தலையையும் அதன் உடம்பையும் நடுவில் வெட்டி ஒட்டினால் ஒரு வண்டி. அவருக்கு அது பெரிய வேலையா என்ன?

கூடமாட வேலை பார்த்தது அவர் மச்சினன், அதாவது என் கூட்டாளியின் தம்பி. நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை தெரிந்தவன். ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாது. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது அக்காதான். முதல் நாளே அவள் வெல்டரிடம் சொல்லிவிட்டாள்.

"வண்டி ஓடினா ஓடட்டும், ஓடாட்டி போகட்டும். என் தம்பி கை காலோட வீட்டுக்கு வந்து சேரணும். அவனை உங்களை நம்பித்தான் அனுப்புறேன்."

"அவன் எனக்கு மட்டும் யாராம்?" என்றார் வெல்டர்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. யாரோ தூக்கிப்போட்ட கேட்டு பைப்பு பம்பர் ஆனது. பழைய இரும்புக் கட்டில் ரெண்டை அறுத்துப் பின்பாடிக்குப் பக்கச்சட்டம் கட்டினார்கள். டிரைவர் சீட்டுக்கு எங்கே போவது? ஊரில் முடிவெட்டுகிற கடை ஒன்றை மூடிவிட்டார்கள், அங்கே கிடந்த சுழல் நாற்காலி வந்தது. "மாமா, ஷேவிங்கா கட்டிங்கா?" என்று ரேடியோ அதில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிச் சிரித்தான். ரெண்டாவது சீட்டு கிடையாது. அந்த இடத்தில் சிலிண்டரும் கேபிளும் இருந்தன. கூட வருகிறவன் பின்பாடியில்தான் உட்கார வேண்டும்.

எல்லாம் சரி. ஒட்டுதான் நிற்கவில்லை.

வெல்டர் வைத்த ஒட்டு விட்டதாகச் சரித்திரமே கிடையாது, தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் வண்டியின் அடிச்சட்டத்தை, அதாவது சேஸை, ஒட்டிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் விட்டிருந்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி விட்டது. ஒட்டு விட்டால் மயிர் மாதிரி ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். இது பிய்த்துக்கொண்டு போயிருந்தது. டயருக்குக் கல் வைத்திருந்தும் முன்பாதி மட்டும் நாலு விரல் முன்னால் நகர்ந்து நின்றது. பின்பாதியை விட்டு ஓடப் பார்த்த மாதிரி...

"மாமா, பொருத்தம் பாக்காம கட்டி வச்சுட்டீங்க. இதுக்கு அதைப் புடிக்கலை" என்றான் ரேடியோ.

அங்கேயாவது விட்டிருக்கலாம். ரோஷம் விடுமா? தன் கைவேலை தோற்பதா? ரெண்டு பக்கமும் தடித் தகடு வைத்து, சேஸைத் துளைத்து போல்ட்டும் போட்டு, போல்ட்டு தலையையும் சேர்த்து ஒட்டிவிட்டார். "இனி எமனே வந்தாலும் பிரிக்க முடியாது" என்று கையைத் தட்டிக்கொண்டார். அந்த இரும்பு பிரித்துவிடு, பிரித்துவிடு என்று கெஞ்சியிருக்கிறது. இந்த மனுஷன் அதைப் பூட்டிவிட்டார்.

வண்டி ஓடியது. ஜோராக ஓடியது. முதல் ஓட்டத்தில் ரேடியோ பின்னால் நின்றுகொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். ஊர் எல்லை தாண்டியதும் பேச்சு நின்றது. வண்டிக்குள் ஒரு வாடை... பிரேக் கட்டை கருகுகிற வாடை. வெல்டருக்குப் பிடரியில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது. யாரோ அடிக்கப்போகிறார்கள் என்று உடம்புக்குத் தெரிந்தால் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் இல்லையா, அப்படி. கண்ணாடியில் பார்த்தார். ரேடியோ ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். அடுத்த நிமிஷம் அவன் மேலிருந்து குதித்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தலையைக் கதவில் மோதினான். ஒரு மோதல் இல்லை. மோதிக்கொண்டே இருந்தான். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. பிறகு நிறுத்தினான். தன் கையைத் தானே பார்த்தான். "மாமா... நான் இல்ல மாமா" என்று சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான்.

கதவு இடித்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னார்கள்.

அப்படியும் அவர் வண்டியை விடவில்லை. வியர்வை சிந்திச் சேர்த்தது, எப்படி விடுவார்? ரெண்டு மூன்று நாள் தனியாகவே ஓட்டினார். அப்புறம் பின்சக்கரத்து வில்பட்டை ஒன்று ஒடிந்தது. மாற்றுப் பட்டை வாங்க அதே காயலான் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. கழற்றி மாட்டத் துணைக்கு ஆள் வேண்டுமே, ரேடியோவையும் வரச் சொல்லியிருந்தார். அவன் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதலில் சிரித்தார். அடியில் குனிந்து சேஸைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வெல்டரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யோவ், ரெண்டையும் ஒண்ணாவா போட்டே? வேற வேற வண்டிக்கு எடுத்துட்டுப் போறேன்னுல்ல நெனச்சேன்!"

"ஏன், அளவு அச்சா பொருந்திச்சே?"

"பொருந்தும்யா. ரெண்டும் ஒரே கேசுல வந்த வண்டி. உன் பின்பாதி இருக்கே, அந்த வண்டிக்காரன் உன் முன்பாதி வண்டியைத் துரத்தித் துரத்தி இடிச்சிருக்கான். தெரியாம இல்ல, வேணும்னே. ரோட்டை விட்டு வயக்காட்டுல தள்ளிட்டு, எறங்கிப் போய், ஜாக்கி ராடால மண்டையில போட்டுருக்கான். அடி வாங்கினவனும் சும்மா போகலை. சாகும்போது அடிச்சவன் கழுத்தைப் புடிச்சான், செத்த பெறகும் விடலை. ரெண்டு பொணத்தையும் பிரிச்சுத்தான்யா எடுத்தாங்க."

"எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும்?"

பட்டை வாங்குவதையே விட்டுவிட்டு வெல்டர் கிளம்பப் பார்த்தார். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம்தானே என்று உன் மூஞ்சி கேட்கிறது. நானும் அதைத்தான் கேட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய், தன் கையால் அறுத்துப் பிரித்துவிட வேண்டும் என்று நினைத்தாராம். ரேடியோவை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பின்னால் உட்காரலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். பின்னால் இருப்பவன்தானே அடிக்கிறான், அப்போது அவனை அடிப்பது நானாக இருக்கும் என்று உறைத்தது. உடம்பே கூசிவிட்டது அவருக்கு.

"நீ பஸ்ஸுல வந்துரு."

"என்ன மாமா, வண்டி நிக்குது, பஸ்ஸுல போகச் சொல்றீங்க?"

"சொன்னாக் கேளுடா. உங்கக்கா மேல ஆணை."

அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனான். நிழலில் போய் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெல்டர் வண்டியை எடுத்தார். ஆள் நடமாட்டம் இல்லாத ரோடாகப் போனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று குவாரி ரோட்டில் திருப்பினார்.

பாதி ரோடு. அந்தக் கருகல் வாடை... கண்ணாடியில் பார்த்தார்.

பின்பாடியில் ரேடியோ நின்றுகொண்டிருந்தான். கையில் ஜாக்கி ராடு.

பிரேக்கை மிதித்தார். அப்போதுதான் நடந்தது, நான் முதலில் சொன்னது. முன்சக்கரம் ரெண்டும் பூட்டிக்கொண்டு தாரில் கிறீச்சென்று தேய்கிறது, பின்சக்கரம் தள்ளிக்கொண்டே வருகிறது. சாவியைப் பிடுங்கினார். இஞ்சின் நின்றது. வண்டி இன்னும் வேகம் எடுத்தது. இஞ்சின் சத்தமே இல்லாமல்...

முதல் அடியில் பின்கண்ணாடி நொறுங்கியது. ரெண்டாவது அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் அவர் மண்டைக்குள்ளேயே கேட்டதாம். மூன்றாவது அடிக்குக் குனிந்தார், ராடு கூரைத் தகரத்தைக் கிழித்தது. "டேய், நான்டா! மாமாடா!" என்று கத்தினார். அவன் மூஞ்சியில் கோபம்கூட இல்லை. ஆணி அடிக்கிறவன் மாதிரி குறி பார்த்து, குறி பார்த்து அடித்தான்.

அப்போது நாற்காலி சுழன்றது. அவர் சுற்றவில்லை. அதுவாகச் சுழன்று அவரைப் பின்பக்கம் திருப்பி வைத்தது. அவர் கை ரெண்டும் உடைந்த கண்ணாடிக்குள் நுழைந்து ரேடியோவின் கழுத்தைப் பிடித்தன. முறிந்த தோள், அந்தக் கையைத் தூக்கவே முடியாது. தூக்கியது. கண்ணாடிச் சில்லு முழங்கை வரை சதையைக் கிழிக்கிறது, கை விடவில்லை. கட்டைவிரல் ரெண்டும் குரல்வளையில் இறங்குகின்றன. அவன் நாக்கு வெளியே வந்துவிட்டது. கண் செருகிவிட்டது.

விடு, விடு என்று தன் கையிடமே கெஞ்சினார். என் பொண்டாட்டி தூக்கி வளர்த்த பிள்ளைடா என்று அழுதார். கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இடுப்பு கேட்டது. முதுகுக்குப் பின்னால் இருந்த ஸ்டியரிங்கை இடுப்பாலேயே ஒரே இடி இடித்துத் தள்ளினார். ஓரத்தில் யானை உயரத்துக்குப் பாறை. செத்தால் ரெண்டு பேரும் சாவோம், இவனைக் கொன்றுவிட்டு நான் மட்டும் அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று...

வண்டி பக்கவாட்டில் போய் மோதியது. தகடு கிழிந்தது. போல்ட்டுகள் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறித்தன. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். பிரிந்த அந்த நொடியில் கை தானாக விட்டது.

வெல்டர் தவழ்ந்து தவழ்ந்து போனார். ரேடியோ கவிழ்ந்த பின்பாடிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. மூக்கில் கை வைத்தார். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தான்.

"மாமா... பஸ் வந்துருச்சா?"

ஸ்டாப்பில் நின்றது வரைக்கும்தான் அவனுக்கு ஞாபகம். வண்டியில் எப்படி ஏறினான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெல்டர் அவனைக் கட்டிக்கொண்டு, நடுரோட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து முழுசாக வீடு வந்து சேர்ந்தார்கள். அக்கா கேட்டது கிடைத்துவிட்டது. தோள் கூடியதும் வெல்டர் முதல் வேலையாக அந்த ரெண்டு பாதியையும் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு துண்டாக அறுத்தார். பழையபடி அதே பட்டறை, அதே திட்டு. போதும்டா சாமி என்று கிடக்கிறார்.

போன மாதம் என் கூட்டாளி அக்கா வீட்டுக்குப் போய் ஒரு நாள் தங்கினான். ரேடியோ இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லையாம். ஆனால் மாமாவை விட்டு நகருவதும் இல்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்குப் பின்னால் போய் உட்காருகிறான். அவர் டீ குடிக்க நின்றால் பின்னால் நிற்கிறான். "பாத்தியா, உயிரைக் காப்பாத்தின மாமான்னு எவ்வளவு பாசம் அவனுக்கு" என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு. வெல்டர் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்துவிட்டார்.

ராத்திரியில் மனுஷன் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறாராம்.

ரேடியோ தன் கட்டிலை இழுத்து, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டிப் போட்டிருக்கிறான்.