மஞ்சள் தடவிய கடிதம்

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தீர்கள் ஹெட்மாஸ்டர் சார், நல்லது. மற்ற நாளில் வந்திருந்தால் எங்கள் லைன் வீட்டில் குழாயடிச் சண்டையைத் தவிர வேறெதுவும் உங்கள் காதில் விழாது.

ஆமாம், நீங்கள் கொண்டுவந்திருக்கும் கடிதம் என் கையெழுத்துதான். கீழே இருப்பது ஒச்சம்மாளின் பெருவிரல் ரேகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியதும் அவள்தான். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் என்று நம்பினாள்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்த ராயபுரத்தில், எங்கள் வரிசையில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். பி.எஸ்ஸி. கணிதம். அப்பா சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர். ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊர்க் கடுதாசி, எதுவானாலும் என் வாசலுக்குத்தான் வரும். வாசித்துச் சொல்வேன், பதில் எழுதிக் கொடுப்பேன்.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில், தைத்த துணியில் தொங்கும் நூல் பிசிறு வெட்டுகிறாள். அவள் மகள் சித்ராதேவி, பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதிலேயே முடிக்கிற உங்கள் சிறப்புப் பிரிவில் இருந்தாள். போன வருடம், 2006 ஆடியில், நீங்கள் ஒரு தாள் அனுப்பினீர்கள். சாயங்காலமும் ஞாயிறும் கூடுதல் வகுப்பு, பிள்ளை தொடர வேண்டுமா வேண்டாமா என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும்.

ஒச்சம்மாள் அதை என்னிடம் எடுத்து வந்தாள். "எம்புள்ள விசயத்த எம்புள்ளையே எழுதுனா நல்லாருக்காது. அந்த வகுப்புலயே இருக்கட்டும்னு நீ எழுதிரு தாயி. பிசிறு வெட்டுறது என்னோட போகட்டும்."

நான் எழுதினேன்: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளைச் சிறப்புப் பிரிவிலிருந்து விலக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அவள் ரேகை வைத்தாள், மஞ்சள் தடவினாள். பிள்ளை கண்ணில் படாமல் நானே உங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். நீங்களும் ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்து கேட்கவில்லை.

காரணம் இருக்கிறது. நானும் அப்படியொரு பிரிவில் படித்தவள். மதியம் தூக்குப்போசியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்வார்கள். அத்தனையும் தாண்டிப் பட்டம் வாங்கி, இன்று ஒரு கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் டைப் அடிக்கிறேன். எட்டாவதோடு நின்ற முதலாளி மகன் கதிர்வேல், "ஏனுங்க பி.எஸ்ஸி., அப்படியே அந்த ஃபேனைப் போட்டுட்டுப் போங்க" என்பான். ஆபீசே சிரிக்கும். இந்தச் சிரிப்புக்காகவா ஒரு பிள்ளை இன்னும் ஏழு வருடம் படிக்க வேண்டும்?

அந்தக் கடிதத்துக்கு முந்தைய சித்திரையில் நடந்தது காரணமில்லை. வாசலில் சித்ராதேவிக்கு ஒரு வடிவியல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அக்கா, மூணாவது வரி தப்பு" என்றாள். தப்புதான். எதிர்வீட்டு ரங்காத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அட கண்ணு! பெரிய வாத்தியாரம்மாளுக்கு இனி லீவு உட்டறலாமுங்க" என்று சிரித்தாள். மறுநாள் காஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி அந்தப் பிள்ளையிடம் போனாள். பிறகு மற்றவர்களும் போனார்கள். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

பிரிவு மாறியதும், பள்ளியே விலக்கிவிட்டதாக ஒச்சம்மாளிடம் சொன்னேன். பள்ளிக்கூடப் படியேற அவளுக்குப் பயம். "எதுல கொறைஞ்சாளாம்?" என்று மட்டும் கேட்டாள். கணக்கில் என்றேன்.

சித்ராதேவி நம்பவில்லை. நோட்டோடு வந்தாள். "எங்க தப்புன்னு சொல்லுங்கக்கா, திருத்திக்கிறேன்."

தப்பு இல்லை. ஆனாலும் காட்டினேன். சரியான விடைகளைச் சிவப்பு மையால் அடித்தேன். தினமும் சாயங்காலம், இரண்டு மாதம். அவள் போட்ட வழியை அடித்து வேறு வழி சொல்வேன். அடுத்த நாள் அந்த வழியையும் அடிப்பேன். குரலை உயர்த்தியதே இல்லை. "உனக்கு இது வராது கண்ணு, விடு" என்று தலையைத் தடவிக்கொடுப்பேன். முதலில் வாதாடினாள். பிறகு அழுதாள். ஐப்பசி வாக்கில், விடையை எழுதி முடிக்கும் முன்பே தானே அழிக்கத் தொடங்கினாள். அதன்பிறகு நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

அரையாண்டில் கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டாளாமே. உங்கள் சாதாரணப் பிரிவில் அறுபது பேர், யார் கவனிப்பது? தை பிறந்ததும் நின்றுவிட்டாள். நான்தான் எங்கள் கம்பெனியில் சொல்லிக் கைமடி வேலையில் சேர்த்துவிட்டேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை மடித்து அடுக்க வேண்டும், அவ்வளவுதான். வயது பதினாறு என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

இப்போது திரும்ப அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள், வர மாட்டாள். ஆறு டஜனுக்கு எத்தனை பீஸ் என்பதைக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாள். நான் தலையாட்டினால்தான் அவளுக்கு மூச்சு வருகிறது. ஒச்சம்மாள், பெற்ற தாய், வாய்க்கு வாய் "மக்கு, மக்கு" என்று திட்டுகிறாள்.

நான் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை சார்.